நாலு சிரட்டையில் ஒரு மூளை: கையால் செய்து பார்க்கும் முறை

செயற்கை நுண்ணறிவை மனித மூளையைப் பார்த்துத்தான் செய்ய வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்டால், விவாதத்துக்கு முன் இதைச் செய்யவையுங்கள். நாலு சிரட்டை, பத்துப் புளியங்கொட்டை போதும்.

கறுத்தக்கொழும்பான் மாங்காய் பழுத்துவிட்டதா என்று சொல்வதுதான் வேலை. மணமும் மெதுமையும் இரண்டுமே இருந்தால்தான் பழம். முதலில் இரண்டு சிரட்டையை வெறுமையாக வையுங்கள்: ஒன்று மணத்துக்கு, மற்றது மெதுமைக்கு. கையிலுள்ள மாங்காயில் எந்தக் குணம் இருக்கிறதோ, அந்தச் சிரட்டையின் கொட்டைகளை மட்டும் எண்ணுங்கள். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ‘பழம்’. பழத்தைக் காய் என்றுவிட்டால், இருக்கிற குணத்துக்குரிய சிரட்டைகளில் ஒவ்வொரு கொட்டை போடுங்கள். காயைப் பழம் என்றால் ஒவ்வொன்று எடுங்கள். சரியாக வந்தால் கைவைக்க வேண்டாம்.

மணமும் மெதுமையும் சேர்ந்த பழத்துக்கு முதலில் 0 வரும். ஒருமுறை திருத்த 2, இன்னொருமுறை திருத்த 4. மணம் மட்டும் உள்ளதற்கு 2தான், ஆகவே காய். இரண்டே திருத்தத்தில் படித்துவிட்டது! அவசரப்பட்டு மூன்று மூன்றாகப் போட்டால் மணம் மட்டுமே 3 ஆகிவிடும். எடுக்க வேண்டிவரும், திரும்பப் போட வேண்டிவரும், முடிவே இராது. திருத்தம் சிறிதாக இருக்க வேண்டியது இதனால்தான்.

மூளையின் நரம்புக்கலத்தை மக்கலக், பிற்ஸ் என்ற ஆய்வாளர்கள் கணிதமாக எழுதியது 1943இல். பிழையிலிருந்து படிக்கும் வழியை றோசன்பிளாற் என்ற ஆய்வாளர் 1958இல் வெளியிட்டார். நீங்கள் செய்தது அவற்றின் சாரம்: சிரட்டையிலுள்ள கொட்டைகளின் எண்ணிக்கைதான் இணைப்பின் பலம்.

இனிக் கேள்வியை மாற்றுங்கள். ஒரு குணம் மட்டும் உள்ளதை வைக்கோலுக்குள் வைக்க வேண்டும். அதற்கு மட்டும் ‘ஓம்’ (3 அல்லது அதற்கு மேல்) வரவேண்டும். எவ்வளவு திருத்தினாலும் வராது. தனித்தனியே 3 வந்தால், சேர்ந்து 6 வந்துவிடுமே! மற்றச் சிரட்டைச் சோடியையும் எடுங்கள். முதற்சோடியில் 3, 3. இரண்டாவதில் 2, 2. முதலாவது ‘ஓம்’ என்று, இரண்டாவது ‘இல்லை’ என்றால் வைக்கோல். சோடிகளின் பதிலை இப்படிச் சேர்த்துப் பார்ப்பது இன்னோர் அடுக்கு.

ஆனால் இந்த எண்களை வைத்தது நாங்கள். பல அடுக்குகளும் தாமாகவே எண்களைத் தேட, பிழையைக் கடைசி அடுக்கிலிருந்து பின்னோக்கி அனுப்பும் முறையை 1986இல் ரூமல்ஹார்ட், ஹின்ரன், வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் பரவலாக்கினார்கள். மூளை அப்படித்தான் படிக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இணைப்பின் பலம், அடுக்கு என்ற யோசனைகளை மூளையிடம் தாராளமாக எடுக்கலாம். படிக்கும் முறைக்கு மூளையின் சம்மதத்தைப் பார்த்திருக்கத் தேவையில்லை.