ரிவெர்ப்பைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்: மாடுலர் சிந்த் பழகுபவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். வி.சி.வி. ராக் என்கிற இசை மென்பொருளைப் பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறதாம். "அண்ணா, இந்த பேட்சைக் கேளுங்க" என்று ஒன்றைத் திறந்தான். மாட்யூல் என்கிற சிறு ஒலிப் பெட்டிகளைக் கேபிளால் இணைத்துச் செய்வதுதான் பேட்ச். இதில் நாற்பது மாட்யூல் இருக்கும். நூடுல்ஸைக் கொட்டியதுபோல் கேபிள்கள். கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டான். அறை முழுக்க ஒரு சத்தம் எழுந்து, பத்து விநாடி மிதந்து, அடங்கியது. நன்றாகத்தான் இருந்தது.

"இதுல ஃபில்டர் எங்க இருக்கு?" என்று கேட்டேன். சத்தத்தில் வேண்டாத பகுதியை வடிகட்டும் மாட்யூல் அது. தேடினான். மூன்று ஃபில்டர்கள் இருந்தன. அவற்றில் இரண்டுக்குக் கேபிளே வரவில்லை. அவற்றின் குமிழ்களைத்தான் ஒரு வாரமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன் என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வேலையை நானும் மாதக்கணக்கில் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆடியோ டிவைஸைத் தேர்ந்தெடுக்காமல் "சத்தம் வரலையே" என்று தவிப்பது போன்ற தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை அரை மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: வி.சி.வி. ராக், ஆண்ட்ரூ பெல்ட் என்பவர் எழுதி 2017இல் வெளியிட்ட மென்பொருள். யூரோராக் என்கிற நிஜ மாடுலர் சிந்தசைசரை, அதாவது மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து வாசிக்கும் மின்னணு இசைக்கருவியை, அப்படியே திரையில் கொண்டுவந்து வைத்ததுபோல் இருக்கும். காசு கொடுக்காமலே கிடைக்கும். இங்கே சொல்வதில் பாதிக்குமேல் மற்ற மாடுலர் மென்பொருள்களுக்கும் பொருந்தும்.

ப்ரீசெட் வேறு, பேட்ச் வேறு

சாதாரண சிந்தில் ப்ரீசெட் என்றால் முழுச் சத்தமும் அதற்குள் இருக்கும். ராக்கில் அப்படி இல்லை. ஒரு மாட்யூல்மேல் ரைட் கிளிக் செய்து சேமிக்கும் ப்ரீசெட்டில் அந்த ஒரு மாட்யூலின் அமைப்பு மட்டும்தான் இருக்கும். கேபிள் எதுவும் அதில் பதிவாகாது. எல்லா மாட்யூல்களும் எல்லா இணைப்புகளும் சேர்ந்த கோப்புதான் பேட்ச். இரண்டாம் பதிப்பில், வேண்டிய சில மாட்யூல்களை மட்டும் கேபிளோடு சேர்த்து 'செலக்‌ஷன்' என்று தனியாகவும் சேமிக்கலாம்.

அருமையான ஒரு பேஸ் சத்தத்தை உண்டாக்கிவிட்டு, ஃபில்டரின் ப்ரீசெட்டை மட்டும் சேமித்து மூடியவர்களை எனக்குத் தெரியும். மறுநாள் திறந்தால் வெறும் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும்.

இணையத்தில் இறக்கிய பேட்சின் மேலேயே சேமிப்பது

திறந்தவுடன் வேறு பெயரில் சேமியுங்கள். அப்புறம் கை வையுங்கள்.

ரிவெர்ப்போடு சேர்த்தே படிப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டும் தவறு. பிறர் செய்யும்போது மட்டும் அல்ல, நான் செய்ததை நினைத்தாலும்தான்.

நாம் இறக்கும் பேட்ச்களில் பெரும்பாலானவை ஒரு ரிவெர்ப்பிலோ (பெரிய மண்டபத்தில் கேட்பதுபோல் சத்தத்தை நீட்டும் மாட்யூல்) டிலேயிலோ (சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைப்பது) போய் முடியும். செய்தவரைக் குறை சொல்ல முடியாது. அவர் தன் வேலையை அழகாகக் காட்ட நினைக்கிறார். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு அந்த ஒரு மாட்யூல் எல்லாவற்றையும் மறைத்துவிடும். பஜ்ஜியை முழுதாகப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பது வாழைக்காயா உருளைக்கிழங்கா என்று சொல்ல முடியுமா? மாவைப் பிரித்தால்தான் தெரியும்.

என்னவெல்லாம் மறையும் என்று சொல்கிறேன். சத்தம் எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்று சொல்வது ஏ.டி.எஸ்.ஆர். என்வலப். அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்று அதில் நான்கு குமிழ்கள். கடைசிக் குமிழ் ரிலீஸ். கட்டையிலிருந்து விரலை எடுத்தபின் சத்தம் எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்று அது தீர்மானிக்கும். ரிவெர்ப்பின் வால் எட்டு விநாடி நீண்டால், ரிலீஸ் 50 மில்லிசெகண்டா 500 மில்லிசெகண்டா என்று காதுக்குத் தெரியாது. பழகுபவர் குமிழைத் திருப்பிப் பார்ப்பார், பெரிய மாற்றம் எதுவும் இருக்காது, "ரிலீஸ் ஒண்ணும் பெருசா பண்ணாது போல" என்று முடிவுகட்டிவிடுவார். ஃபில்டரும் அப்படித்தான். எங்கிருந்து வெட்ட வேண்டும் என்று சொல்லும் கட்டாஃப் குமிழை இறக்கினாலும் முந்தைய விநாடியின் பளபளப்பான சத்தம் ரிவெர்ப்புக்குள் சுற்றிக்கொண்டே இருப்பதால், மாற்றம் எப்போது நடந்தது என்று பிடிபடாது. அகலமும் ஏமாற்றும். இடதும் வலதுமாக விரிந்து கேட்பதை, மூல அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டரின் பெருமை என்று நினைப்போம். ஆஸிலேட்டர் போட்டது ஒற்றை அலைதான். அதை விரித்தது ரிவெர்ப்.

சரி, நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு குறும்படத்துக்குப் பின்னணி இசை போட ஒப்புக்கொண்டிருந்தேன். ராத்திரி நேரம், லாரி கேபினுக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டு போகும் காட்சி. எங்கிருந்தோ இறக்கிய மூன்று பேட்ச்களை அடுக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் ரிவெர்ப்போடு பதிவு செய்து அனுப்பினேன். வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்டபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மிக்ஸிங் செய்தவர் போன் செய்தார். "சார், லாரிக்குள்ள உட்கார்ந்திருக்காங்க. மியூசிக் கல்யாண மண்டபத்துல கேக்குற மாதிரி இருக்கு. வசனம் வேற முழுங்குது. ரிவெர்ப் இல்லாம தனித்தனியா அனுப்புங்க, நான் இங்க பாத்துக்கிறேன்."

நியாயமான கோரிக்கைதான். பேட்சைத் திறந்து ரிவெர்ப்பை எடுத்துவிட்டுக் கட்டையைத் தொட்டேன்.

'டொக்' என்று ஒரு சத்தம். அதன் பின்னால் காதோரம் கொசு பறப்பதுபோல் ஒரு ரீங்காரம். விரலை எடுத்ததும் கத்தரித்ததுபோல் நின்றது.

அவ்வளவுதான் அந்த இசை. ஃபில்டர் முழுக்கத் திறந்து கிடந்தது. அட்டாக் பூஜ்யம், ரிலீஸும் கிட்டத்தட்ட பூஜ்யம். வெறும் ஸா அலை, அதாவது ரம்பப் பல் வடிவ அலை. நான் 'இசையமைத்தேன்' என்று நினைத்துக்கொண்டிருந்தது முழுக்க அந்த ரிவெர்ப் மாட்யூலின் வேலை. மற்ற இரண்டு பேட்ச்களும் இதைவிட உசத்தி இல்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து முதலிலிருந்து செய்ய முயன்றேன். எந்தக் குமிழ் என்ன செய்யும் என்று உண்மையில் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ரிலீஸை எவ்வளவு வைத்தால் அந்த மிதப்பு வரும் என்றுகூடத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில், வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டோம் என்று தகவல் வந்தது. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இன்றைக்கும் எரிச்சல் என்மேல்தான்.

எப்படிச் செய்ய வேண்டும்? ரிவெர்ப் மாட்யூலைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-ஈ அழுத்தினால் அது பைபாஸ் ஆகும், அதாவது வேலை செய்யாமல் ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பைபாஸ் ஆனபின் உள்ளே வரும் சத்தத்தை அப்படியே வெளியே விடுவதா என்பது அந்த மாட்யூலை எழுதியவர் வைத்த ஏற்பாட்டைப் பொறுத்தது. சிலவற்றில் மொத்தமாக மௌனம்தான் வரும். "பேட்ச் கெட்டுப்போச்சு" என்று பதறாதீர்கள். ரிவெர்ப்புக்குள் போகும் கேபிளைப் பிடுங்கி நேராக, சத்தம் வெளியேறும் ஆடியோ மாட்யூலில் செருகுங்கள். முதலில் ஒலியளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், திடீரென்று அறையும். டிலே, கோரஸ் இருந்தால் அவற்றையும் இப்படியே கழற்றுங்கள். பிறகு ஒரே கட்டையை நீளமாக ஒருமுறை, வெட்டி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். என்வலப்பின் நான்கு குமிழ்களும் என்ன செய்கின்றன என்று அப்போதுதான் காது கற்றுக்கொள்ளும். குமிழின்மேல் மவுஸை வைத்தால் ரிலீஸ் எத்தனை மில்லிசெகண்ட் என்று எண்ணாகவே காட்டும். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும்: "அப்போ சத்தம் நல்லாவே இல்லையேண்ணா." ஆமாம், நன்றாக இருக்காது. நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய சத்தம் அந்த நன்றாக இல்லாத சத்தம்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில பேட்ச்களில் ரிவெர்ப்பிலிருந்து வெளிவரும் கேபிள் மறுபடி ஃபில்டருக்கோ ஆஸிலேட்டரின் அதிர்வெண்ணை அசைக்கும் எஃப்.எம். துளைக்கோ திரும்பிப் போகும். அங்கே ரிவெர்ப் கருவியின் ஓர் உறுப்பு, அதைக் கழற்றினால் சத்தமே வேறாகிவிடும். அப்படிப்பட்ட பேட்சை முதல் வருஷம் தொடாமல் இருப்பது நல்லது.

இடமிருந்து வலமாகப் படிப்பது

புத்தகம் படிக்கும் பழக்கத்தில் எல்லோரும் இடது ஓரத்தில் ஆரம்பிப்பார்கள். அங்கே மூன்று எல்.எஃப்.ஓ. (மெதுவாக ஆடி மற்றவற்றை அசைப்பது), இரண்டு சீக்வென்ஸர் (ஸ்வரங்களை வரிசையாக அனுப்புவது), ஒரு கடிகாரம் (தாளத் துடிப்பைத் தருவது) என்று கிடக்கும். எது எதற்குப் போகிறது என்று தலை சுற்றும். தலைகீழாக வாருங்கள். சத்தம் கடைசியாக வெளியேறும் ஆடியோ மாட்யூலைப் பிடியுங்கள். அதற்குள் வரும் கேபிள் எங்கிருந்து வருகிறது? மிக்ஸரிலிருந்து. மிக்ஸருக்கு? ஒலியளவை ஏற்றி இறக்கும் வி.சி.ஏ.யிலிருந்து. இப்படியே பின்னால் நடந்தால், ஐந்தாறு மாட்யூலில் ஆஸிலேட்டர் வந்துவிடும். அந்த ஐந்தாறுதான் சத்தம். மீதி எல்லாம் அதை அசைப்பவை. ஒரு காகிதத்தில் பெட்டியும் கோடுமாக வரைந்துகொள்ளுங்கள். 1960களின் மோக், பூக்லா கருவிகளில் நினைவகம் கிடையாது. கேபிளைப் பிடுங்கினால் சத்தம் போயிற்று, காகிதத்தில் குறித்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. திரையில் வாசிக்கும் நமக்கும் அந்தக் காகிதம் உதவும்.

கேபிளின் நிறத்தை நம்ப வேண்டாம். செய்தவர் வேண்டுமென்றே நிறம் பிரித்திருந்தால் தவிர, மென்பொருள் தன்பாட்டுக்கு நிறங்களை மாற்றி மாற்றிப் போடும். கேபிள் கண்ணை மறைத்தால் வியூ மெனுவில் அதன் ஒளிபுகும் அளவை மாற்றலாம்.

ஒரே நேரத்தில் ஐந்து குமிழைத் திருப்புவது

ஒன்று. ஒன்றே ஒன்று.

எல்.எஃப்.ஓ.வை நேராகச் சுருதித் துளையில் செருகுவது

ராக்கில் எல்லாமே வோல்ட் கணக்கு. சுருதிக்கு ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். பூஜ்ய வோல்ட் என்றால் நடு சி, அதாவது சுமார் 261.6 ஹெர்ட்ஸ். எல்.எஃப்.ஓ. சாதாரணமாக மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்து வோல்ட் வரை ஆடும். அதை நேராகச் சுருதித் துளையில் செருகினால் பத்து ஸ்தாயி ஆடும். மனிதக் காது கேட்கும் எல்லை, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை, அதுவே கிட்டத்தட்ட பத்து ஸ்தாயிதான். ஸ்வரத்தை லேசாக நடுங்கவைக்கும் வைப்ரேட்டோவுக்காகச் செருகியவர்கள், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு நொந்துபோய் "வைப்ரேட்டோ வேலை செய்யல" என்று எழுந்து போவார்கள். அரை ஸ்வரம் மேலும் கீழும் ஆட வேண்டும் என்றால் அந்த எல்.எஃப்.ஓ.வில் நூற்றில் இரண்டு பங்குகூட வேண்டாம். ராக்கோடு வரும் ஃபண்டமென்டல் என்கிற மாட்யூல் தொகுப்பிலேயே 8வெர்ட் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது, நடுவில் அதை வைத்துக் குறையுங்கள். நல்ல பேட்ச்களைப் பிரித்துப் பார்த்தால் இந்தக் குறைக்கும் குமிழ்கள்தான் எங்கும் ஒளிந்திருக்கும். பாதி ரசம் அங்கேதான்.

ரேண்டமைஸ்

கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் மாட்யூலின் குமிழ்கள் தாறுமாறாக மாறும். அப்படிக் கிடைத்ததை நீங்கள் செய்ததாகச் சொல்லாதீர்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு அழுத்தவும் அழுத்தாதீர்கள்.

குவான்டைசரைக் கவனிக்காமல் விடுவது

நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கர்நாடக சங்கீதம் தெரிந்த ஒருவர், "இந்த மென்பொருளில் கமகம் வராது" என்று ஆறு மாதம் ஒதுக்கிவைத்திருந்தார். அவர் இறக்கியிருந்த பேட்சில் கீபோர்டுக்கும் ஆஸிலேட்டருக்கும் நடுவே ஒரு குவான்டைசர் உட்கார்ந்திருந்தது. வரும் வோல்டை அருகில் உள்ள ஸ்வரத்துக்கு இழுத்து ஒட்டவைப்பதுதான் அதன் வேலை. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே எதையும் விடாது. தோடியின் காந்தாரத்தை அதன் வழியாக அனுப்பினால் தகர டின் படிக்கட்டில் உருளுவதுபோல் இருக்கும். சீக்வென்ஸரை நம்பிச் செய்த பேட்ச்களில் அது அவசியம். கையால் வாசிப்பவருக்கு முதலில் கழற்ற வேண்டியது. கழற்றிய அன்று அவர், கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் வீலைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

தடித்த கேபிளும் மெல்லிய கேபிளும்

ஒரே கேபிளில் 16 குரல், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் 16 ஸ்வரம் வரை போகலாம். அப்படிப்பட்டது தடிமனாகத் தெரியும். மூன்று கட்டையை அழுத்தியும் ஒன்றுதான் கேட்கிறது என்றால், வழியில் எங்கோ ஒற்றைக் குரல் மாட்யூல் நிற்கிறது. தடித்த கேபிள் எங்கே மெல்லியதாகிறது என்று பாருங்கள்.

மாட்யூல் சேர்ப்பது

ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபண்டமென்டல் முழுவதும் தெரிந்தபின் தேடலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பியிடம் ரிவெர்ப் கதையைச் சொல்லி அனுப்பினேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பதிவு அனுப்பியிருந்தான். "எல்லாத்தையும் கழட்டிட்டேன். கொசு மாதிரி இருக்குண்ணா."

"ரிலீஸ் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"40 மில்லிசெகண்ட். 900 வெச்சா கொஞ்சம் தேவலாம் போல. பாத்துட்டு சொல்றேன்" என்றான்.