உயிரின் தோற்றம்: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் ஏறத்தாழ 348 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் நுண்ணுயிர்க் கூட்டங்கள் விட்டுச்சென்ற அடுக்குத் தடங்கள் கிடைத்திருக்கின்றன. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எப்போதோ உயிரற்ற வேதிப்பொருள்கள் தம்மைத் தாமே நகலெடுக்கத் தொடங்கிவிட்டன. அது எப்படி நடந்தது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. துண்டு விடைகள் நிறையவே இருக்கின்றன. ஒவ்வொரு சோதனையும் ஒரு சின்னக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது. அதைப் பெரிய கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில், உயிர் எப்படித் தோன்றியது என்று டார்வின் விளக்கினார் என்பது. அவர் 1859இல் விளக்கியது, இருக்கும் உயிர்களிலிருந்து புதிய இனங்கள் எப்படிக் கிளைக்கின்றன என்பதை. முதல் உயிர் பற்றி அவர் சொன்னது, 1871இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையில் அது தொடங்கியிருக்கலாமோ என்ற ஊகம் மட்டுமே. உயிர்த்தோற்றம் புரியாததால் பரிணாமம் பொய் என்று வாதிடுகிறவர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

உயிரற்றதிலிருந்து உயிர் வராது என்று நிரூபித்துவிட்டார் என்று லூயி பாஸ்டரை இழுப்பதும் இதே போலத்தான். கொதிக்கவைத்த சாறு, வெளித்தூசி படாதவரை கெடாது என்று அவர் காட்டினார். சில வாரங்களில் குடுவைக்குள் நுண்ணுயிர் தானாக முளைக்காது என்பதற்கு அது சான்று. ஆக்ஸிஜன் இல்லாத ஒரு முழுக் கோளில், கோடிக்கணக்கான ஆண்டுகளில் வேதியியல் என்ன செய்யும் என்பதை அந்தக் குடுவையிடம் கேட்க முடியாது.

மில்லர் சோதனையைப் பற்றி இரண்டு எதிரெதிர்த் தவறுகள் உலவுகின்றன. ஸ்டான்லி மில்லர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் யூரியின் மாணவர். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி நிரம்பிய கண்ணாடிக் குடுவையில் மின்பொறியைப் பாய்ச்சினார். ஒரு வாரத்தில் நீர் செந்நிறமானது. அதில் கிளைசின் முதலிய அமினோ அமிலங்கள் இருந்தன. முடிவுகள் 1953இல் வெளியாயின. அவர் ஆய்வகத்தில் உயிரை உருவாக்கிவிட்டார் என்பது முதல் தவறு. செங்கல் செய்வது வேறு, வீடு கட்டுவது வேறு. அவருக்குக் கிடைத்தவை செங்கற்கள். ஆதிக் காற்றில் மீத்தேனும் அம்மோனியாவும் குறைவு, கரியமில வாயுவும் நைட்ரஜனுமே அதிகம் என்று இன்று பலர் கருதுவதால் சோதனையே பயனற்றது என்பது இரண்டாவது. உயிரின் உதவியில்லாமல் உயிரின் மூலப்பொருள் உருவாகுமா என்ற கேள்விக்கு ‘உருவாகும்’ என்று அது பதில் சொன்னது. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் எழுபதுக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கிடைத்தன. இந்தப் பதில் மில்லரின் குடுவையை மட்டும் நம்பி நிற்கவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு, ஏனென்றால் அது கணக்கின் உடையில் வருகிறது. ஒரு புரதத்தில் நூறு அமினோ அமிலங்கள். ஒவ்வோர் இடத்திலும் இருபது வாய்ப்பு. ஆகவே அது தற்செயலாக அமையும் நிகழ்தகவு பூஜ்யம் என்பார்கள். பெருக்கல் சரிதான். கேள்விதான் தவறு. இன்றைய புரதம் ஒரே நொடியில் முழுதாக அமைந்தது என்று எந்த ஆய்வாளரும் சொல்லவில்லை. ஒரு வேலையைச் செய்ய ஒரே ஒரு வரிசைதான் உதவும் என்பதும் உண்மையில்லை. 1993இல் டேவிட் பார்ட்டல், ஜாக் ஷோஸ்டாக் என்ற இரு ஆய்வாளர்கள், டி.என்.ஏ.வைப் போலவே தகவலைச் சுமக்கும் மூலக்கூறான ஆர்.என்.ஏ.வில் 10 கோடி கோடிக்கு மேற்பட்ட தாறுமாறான துண்டுகளை எடுத்து, இரண்டு இழைகளை ஒட்டவைக்கும் திறன் எதற்காவது இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தது, ஒன்றல்ல, பல. அவற்றைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, சிறு மாற்றங்களோடு மீண்டும் தேர்ந்தெடுத்தபோது, வினைவேகம் தானாக நடப்பதைவிட சுமார் 70 லட்சம் மடங்கு கூடியது. தேர்வு நுழைந்த இடத்தில் வெறும் பெருக்கல் கணக்கு செல்லாது.

‘ஒழுங்கு தானாக உருவாகாது, வெப்ப இயக்கவியல் தடுக்கிறது’ என்பதற்குச் சுருக்கமான பதில் போதும்: பூமி மூடிய பெட்டி அல்ல. சூரியனிலிருந்தும் தன் வயிற்றிலிருந்தும் அதற்கு ஆற்றல் வந்துகொண்டே இருக்கிறது.

டி.என்.ஏ.வுக்கும் புரதத்துக்கும் முன்பு ஆர்.என்.ஏ.வே இரண்டின் வேலையையும் செய்தது என்ற ‘ஆர்.என்.ஏ. உலகம்’ கருத்தையும் கவனமாகச் சொல்ல வேண்டும். ஆர்.என்.ஏ. தகவலைச் சுமப்பதோடு வேதிவினையை வேகப்படுத்தும் வினையூக்கியாகவும் வேலை செய்யும் என்று கண்டதற்காக சிட்னி ஆல்ட்மனும் தாமஸ் செக்கும் 1989இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்றும் நம் செல்களில் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும் ரைபோசோமின் மையத்தில் அந்த வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ.தான். வலுவான தடயம் இது. ஆனாலும், முதல் ஆர்.என்.ஏ. எங்கிருந்து வந்தது, நீரில் எளிதில் சிதையும் அது எப்படித் தாக்குப்பிடித்தது என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. நனைந்து காயும் குட்டைகளை ஒரு சாராரும், கடலடி வெந்நீர் ஊற்றுகளை இன்னொரு சாராரும் முன்வைப்பது இதனால்தான். 2000இல் அட்லாண்டிக்கில் கண்டறியப்பட்ட ‘லாஸ்ட் சிட்டி’ ஊற்றில் காரநீர் சுரக்கிறது. செல்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் புரோட்டான் செறிவு வேறுபாடு அத்தகைய இடங்களில் இயல்பாகவே கிடைத்திருக்கலாம் என்பது ஊற்றுகளை முன்வைப்பவர்களின் வாதம். இரண்டில் ஒன்று நிரூபணமாகிவிட்டது என்று எழுதுவது தவறு.

‘லூக்கா’ (LUCA) என்று அழைக்கப்படும், இன்றுள்ள எல்லா உயிர்களுக்குமான கடைசிப் பொது மூதாதையை முதல் உயிராக எண்ணிவிடக் கூடாது. பெயரிலேயே ‘கடைசி’ இருக்கிறது. அதற்கு மரபணுக்களும் ரைபோசோமும் ஏற்கெனவே இருந்தன. அதற்கு முன்னால் நீண்ட வரலாறு ஒன்று ஓடி முடிந்திருந்தது.

விண்வெளியிலிருந்து உயிர் வந்தது என்ற கருத்து, கேள்வியை வேறோர் இடத்துக்கு மாற்றுகிறதே தவிர விடுவிப்பதில்லை. மூலப்பொருள்கள் வந்தன என்பது வேறு செய்தி. இரண்டையும் தலைப்புகள் அடிக்கடி குழப்புகின்றன. பென்னு சிறுகோளிலிருந்து 2023இல் நாசா கொண்டுவந்த துகள்களில், நம் புரதங்களுக்குரிய 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டிலும் தகவலின் எழுத்துகளாக அமையும் ஐந்து காரங்களும் இருந்தன. உயிர் இல்லை. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு, இரு கைகளைப் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. நம் புரதங்கள் அவற்றில் இடக்கை வடிவத்தை மட்டுமே பயன்படுத்துகின்றன. பென்னுவிலோ இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சரிபாதி. அப்படியானால் இடக்கை எங்கே, எப்போது வென்றது? ஆய்வகங்களில் இப்போது இந்தக் கேள்வியோடும் மல்லுக்கட்டுகிறார்கள்.