கடைசி செமஸ்டரில் வேலை தேடத் தொடங்குவது எப்படி? கலை அறிவியல் மாணவர்களுக்கு ஒரு செய்முறை

பொங்கல் லீவு முடிந்து கல்லூரி திறந்ததும் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, ஆறாவது செமஸ்டர் ஆரம்பிச்சிருச்சு. அடுத்து என்ன பண்றதுன்னே தெரியல." கேட்பவர்கள் பெரும்பாலும் பி.காம்., பி.எஸ்ஸி., பி.ஏ. படிக்கும் பிள்ளைகள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஒரு கம்பெனியும் வராத கல்லூரிகள். வீட்டில் இதைப் பற்றி விசாரிக்க ஆள் கிடையாது, ஏனென்றால் அந்த வீட்டில் முதல் பட்டதாரியே அவர்கள்தான். அவர்களுக்காக எழுதுகிறேன். வரிசையாகச் செய்து பாருங்கள்.

படி 1: செய்த வேலைகளை எழுதுங்கள்

"நான் என்ன ஆகணும்" என்று உட்கார்ந்து யோசித்தால் தலைவலிதான் மிஞ்சும். அதைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஒரு நோட்டு எடுத்து, இதுவரை நீங்கள் கையால் செய்த வேலைகளை எழுதுங்கள். சம்பளம் வந்ததா வரவில்லையா என்று பார்க்க வேண்டாம். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, என்.எஸ்.எஸ். முகாமில் நாற்பது பேருக்குச் சாப்பாட்டுக் கணக்குப் பார்த்தது, மாமாவின் ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது, எல்லாமே.

கோவில்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பி.காம். கடைசி வருடம். நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. "நான் ஒண்ணுமே பண்ணதில்லண்ணா" என்றாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். சின்ன மளிகைக் கடை. கடைக்குப் போவியா? "சாயந்தரம் நான்தான் உட்காருவேன். பற்று நோட்டு நான்தான் எழுதுறேன்." எத்தனை வீட்டுப் பற்று? கொஞ்சம் யோசித்து, "அறுபது இருக்கும்" என்றாள். மாதக் கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிப் போட்டு, யார் எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு நிலுவை என்று தனித்தாளில் எழுதி அப்பாவிடம் கொடுப்பாளாம். பத்தாம் வகுப்பிலிருந்து. ஐந்து வருட அனுபவத்தை வீட்டு வேலை என்று நினைத்து விட்டுவிட்டாள்.

எழுதி முடித்ததும், எவற்றைத் திரும்பச் செய்யச் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்வீர்களோ, அவற்றைச் சுழித்து வையுங்கள். திசை அங்கேதான் தெரியத் தொடங்கும்.

படி 2: ரெஸ்யூமே, ஒரே பக்கம்

நண்பனின் ரெஸ்யூமேயை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். அதில் "கடின உழைப்பாளி", "குழுவாகப் பணியாற்றுவேன்" என்றெல்லாம் இருக்கும். நூறு பேர் அதையே எழுதியிருக்கும்போது படிப்பவர் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவார். அப்பா பெயர், மதம், திருமண நிலை எதுவும் வேண்டாம். மொபைல் எண், ஒழுங்கான மின்னஞ்சல் முகவரி, படிப்பு, செய்த வேலைகள் போதும்.

அந்தப் பெண்ணின் ரெஸ்யூமேயில் முதலில் இருந்த வரி: "கணக்கியலில் ஆர்வம் உண்டு." நாங்கள் மாற்றியது: "குடும்ப மளிகைக் கடையில் 60 வாடிக்கையாளர்களின் பற்றுக் கணக்கை ஐந்து ஆண்டுகளாகப் பராமரிக்கிறேன், மாதந்தோறும் நிலுவைப் பட்டியல் தயாரிக்கிறேன்." ஆங்கிலத்தில் இதே ஒரு வரிதான். பிறகு அவளாகவே இரண்டு வாரம் உட்கார்ந்து அந்த நோட்டை எக்செலில் ஏற்றினாள். அதுவும் ஒரு வரியாகச் சேர்ந்தது. நேர்காணலில் எதைக் கேட்டாலும் சொல்ல அவளிடம் இப்போது விஷயம் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பொய் எண் போடாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

படி 3: இரண்டு வருட சீனியரிடம் பேசுங்கள்

இருபது வருட அனுபவசாலியைவிட உங்கள் துறையில் இரண்டு வருடம் முன்னால் முடித்தவர்தான் இப்போது உங்களுக்கு அதிகம் உதவுவார். அவர் நுழைந்த கதவு இன்னும் திறந்திருக்கும். துறைத் தலைவரிடம் எண் கேளுங்கள். எடுத்த எடுப்பில் "அக்கா, உங்க கம்பெனில வேலை இருக்கா" என்று கேட்காதீர்கள். அவர் கையில் இல்லாத ஒன்றைக் கேட்டால் சங்கடப்பட்டு பதிலே போட மாட்டார். இப்படி அனுப்புங்கள்:

"வணக்கம் அக்கா, நான் நம்ம காலேஜ் பி.காம். மூன்றாம் வருஷம். நீங்க ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கீங்கன்னு மேடம் சொன்னாங்க. அந்த வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க ஆசை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசலாமாக்கா?"

பேசும்போது மூன்று கேள்வி போதும். காலையில் ஆபீஸ் போனதும் முதலில் என்ன செய்வீங்க? கையில் எவ்வளவு வருது? சேரும்போது எது தெரிந்திருந்தால் நல்லா இருந்திருக்கும்? ஐந்து பேரிடம் கேட்டால், எந்த வேலை உங்களுக்கு ஒத்துவராது என்றாவது தெளிவாகிவிடும். பேசி முடித்த அன்றே நன்றி அனுப்புங்கள். வேலை காலியாகும்போது அவர்களுக்கு உங்கள் பெயர் ஞாபகம் வரும்.

படி 4: எங்கே தேடுவது

2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வகுப்புகள் உங்கள் கல்லூரியிலும் நடக்கலாம். வருகைப் பதிவுக்காக மட்டும் உட்காராமல், அதில் ஒரு பயிற்சியையாவது கடைசிவரை முடியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். இந்த அலுவலகங்கள் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகின்றன. முதல் முகாமுக்கு வேலை கிடைக்கும் என்று போகாமல், பத்து மேசையில் பேசிப் பழகப் போங்கள். மூன்றாவது மேசைக்கு மேல் நாக்கு குழறாது.

பலருக்கும் தெரியாத வழி ஒன்று இருக்கிறது: அப்ரண்டிஸ், அதாவது ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு வேலை பழகுவது. நாட்ஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பொறியியல் படித்தவர்கள் மட்டுமல்லாமல் பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். முடித்தவர்களும் ஓராண்டு பயிற்சி பெறலாம். பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று 2019இல் விதியைத் திருத்தினார்கள், இப்போது எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பொதுத்துறை நிறுவனங்களும் இதில் ஆள் எடுக்கின்றன. முடிவில் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. ஆனாலும் அனுபவம் இல்லை என்று ஒதுக்கப்படும் பிள்ளைக்கு ஓராண்டு அனுபவமும் மத்திய அரசுச் சான்றிதழும் கிடைப்பது பெரிய விஷயம்.

படி 5: அரசுத் தேர்வா? தேதி குறித்துவிட்டு இறங்குங்கள்

எழுத வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவிலேயே டி.என்.பி.எஸ்.சி. எழுதித் தலைநிமிர்ந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, எத்தனை மாதம் முழுநேரமாகப் படிப்பது, எந்த மாதத்துக்கு மேல் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது என்று வீட்டாரோடு உட்கார்ந்து தாளில் எழுதுங்கள். பயிற்சிக்குப் பணம் இல்லையென்றால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்புகள் நடக்கின்றன. விசாரியுங்கள்.

படி 6: ஆஃபர் வந்தால் கணக்குப் போடுங்கள்

"ஆண்டுக்கு 2.4 லட்சம்" என்றதும் மாதம் 20,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அது சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை. அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வையுங்கள். நிறுவனத்தின் பங்காகப் போகும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,200, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்குவது சுமார் 480, இ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) நிறுவனம் கட்டும் 3.25 சதவீதம், எல்லாம் அந்த 20,000க்குள்ளேயே அடங்கும். மீதி சுமார் 17,700. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. சுமார் 133 பிடிப்பார்கள். கையில் 16,400 சொச்சம். சென்னையில் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ் செலவு போக என்ன மிஞ்சும் என்று அதற்கப்புறம் பாருங்கள். பி.எஃப். உங்கள் சேமிப்பு, அது பிடிக்கிறார்களே என்று வருந்த வேண்டாம். பிடிக்காத கம்பெனியைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

வேலை தருகிறேன் என்று சொல்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பட்டம் முடித்த வருடம், ஒரு கன்சல்டன்சியில் "ரெஜிஸ்ட்ரேஷன், திரும்பக் கிடைக்கும்" என்று சொன்னதை நம்பி 2,500 ரூபாய் கட்டினேன். அம்மா சீட்டு எடுத்த பணம். அடுத்த வாரம் போனபோது கதவில் பூட்டு. யூனிஃபார்முக்கு, டிரெய்னிங்குக்கு, லேப்டாப் டெபாசிட்டுக்கு என்று பெயர் மாறி மாறி வரும். எல்லாம் அதே பூட்டுதான். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. பாண்டில் (இத்தனை மாதம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தத்தில்) கையெழுத்துக் கேட்டால் ஒரு நாள் அவகாசம் வாங்கி, எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

படி 7: கல்லூரியை விட்டு வெளியே வருமுன் காகிதங்கள்

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தொல்லை. ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், பானில் அப்பா பெயரே முழுசாக ஏறியிருக்கும். முதல் வேலையில் பி.எஃப். கணக்குத் திறக்கும்போது இது வந்து நிற்கும். இப்போதே இ-சேவை மையத்தில் கேட்டு ஒன்றுபோல் ஆக்குங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொன்று. மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010 முதல் இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்கான கல்வித் தகுதி வரை தமிழ் வழியில் படித்ததைக் காட்ட வேண்டும். அதாவது நீங்கள் படித்த ஒவ்வொரு பள்ளியிலும், கல்லூரியிலும் தனித்தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க நாளாகும். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கூட்டம். மாடல் தேர்வுக்கு முன் வரும் லீவில் ஊருக்குப் போகும்போது, முதலில் அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.