திம்பம் மலையில் 27 லெவல்: சிரிக்கவைக்கும் கேம் வகை அறிவியல் நாவலை எழுதத் தொடங்குவது எப்படி?

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் பஸ் பண்ணாரியைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. திம்பம் வரைக்கும் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னலோரம் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு எண்ணிக்கொண்டே போகாத குழந்தையை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. வீடியோ கேம் விளையாடிப் பழகியவர்களுக்கு அந்த எண் லெவல் எண்ணாகவே தெரியும். ஒரு நாவலுக்கு அந்த ஒரு பொறி போதும்.

சாதாரண மனிதர்கள் வாழும் உலகத்தின்மேல் திடீரென்று கேம் விதிகள் வந்து கவிகின்றன. புள்ளி, லெவல், உயிர் எல்லாம் கணக்கில் ஏறுகின்றன. பிழைத்தால்தான் அடுத்த கட்டம். இந்த வகைக் கதைக்கு ரஷ்யாவில் 2010களில் லிட்ஆர்பிஜி என்று பெயர் சூட்டினார்கள். இதில் நகைச்சுவையும் அறிவியலும் சேரும்போது கிடைக்கும் சுவை எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் இது நிறைய வரவேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் இந்தச் செய்முறை. எடுத்துக்காட்டாகத் திம்பம் மலை பஸ்ஸையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கால் பட்ட இடத்தை எடுங்கள்

பாதாளக் கோட்டை, இருண்ட கானகம் என்று தொடங்கவேண்டாம். நீங்கள் நடந்த இடத்தை எடுங்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டி நல்ல களம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் இரவு ஷிப்ட் நல்ல களம். காலிங்கராயன் வாய்க்காலும் நல்ல களம்தான். பாம்பு ஊர்ந்துபோன தடத்திலேயே வெட்டியது என்று ஊரில் சொல்கிற அளவுக்கு அது வளைந்து வளைந்து போகிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காட்ட முடிகிற இடமாக இருந்தால் போதும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு பொய் சொல்லுங்கள், பிறகு கணக்கைக் காப்பாற்றுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும். அறிவியல் கதையில் ஆசிரியருக்கு ஒரு பொய் அனுமதி. நம் கதையின் பொய் இது: வேற்றுக்கிரக இயந்திரம் ஒன்று திம்பம் மலைப்பாதையைத் தன் ஆட்டக்களமாக எடுத்துக்கொள்கிறது, வளைவு ஒன்றுக்கு மூன்று சதவீதம் வீதம் புவியீர்ப்பைக் குறைக்கிறது.

இனி எல்லாமே கணக்கு. பத்தாம் வளைவில் 70 சதவீதம் மிச்சம். இருபதாம் வளைவில் 40. உச்சியில் 27ஆம் வளைவில் 19 சதவீதம், ஏறத்தாழ நிலவில் இருப்பதுபோல. இந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அப்படியானால் என்ன ஆகும்?' என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

பஸ் மேலே ஏறுவது எளிதாகிவிடும், எடை குறைகிறதே. ஆனால் பிரேக் பிடித்தால் நிற்காது. டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிமானம் எடையைப் பொறுத்தது. பஸ்ஸின் நிறையோ குறையவே இல்லை. ஆகவே, அதே வேகத்தில் வந்தால், உச்சியில் பஸ் நிற்க ஐந்து மடங்குக்கும் மேல் தூரம் வேண்டும். கீழே மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பிய வளைவை, மேலே 9 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில்தான் திரும்ப முடியும். திம்பத்து டீக்கடையில் மாஸ்டர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து டீ ஆற்றினால், கீழே அரை நொடிக்குள் விழுகிற டீ அங்கே ஒரு நொடி எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பழுப்புத் துண்டு காற்றில் தொங்குவதுபோலத் தெரியும்.

இந்த டீயை நானாகத் தேடிப் பிடிக்கவில்லை. கணக்குக் கொண்டுவந்து கொடுத்தது. சிரிப்புக்காக விதியை வளைக்காதீர்கள். விதி இம்மி பிசகாமல் நிற்கும்போதுதான் அதற்குள் மாட்டிக்கொண்ட மனிதர்களைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருகிறது.

மூன்றாம் படி: பயணிகளின் பையைத் திறந்து பாருங்கள்

கேமில் இதை இன்வென்டரி என்பார்கள். நம் பஸ்ஸில் இருப்பவை: ஒரு பவானி ஜமக்காளம், கால் மூட்டை மஞ்சள், கிரைண்டர் கல் ஒன்று, இரண்டு கூடை சத்தியமங்கலம் மல்லிகை. வாளும் துப்பாக்கியும் வேண்டாம்.

மல்லிகையைக் கவனியுங்கள். விடியற்காலையில் மொட்டாகப் பறித்தது மாலைக்குள் மலர்ந்துவிடும். மலர்ந்தால் விலை இறங்கும். ஆக, அந்தக் கூடை தானாகவே ஒரு கடிகாரம். கேமில் திரையின் மூலையில் ஓடுகிற கவுன்ட் டவுனுக்குப் பதிலாக உங்கள் கதையில் வாசனை ஏறிக்கொண்டே போகும்.

நான்காம் படி: அறிவிப்புக் குரலைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வகைக் கதைகளில் 'சிஸ்டம்' என்று ஒரு குரல் இருக்கும். புதிய திறன் கிடைத்தது, லெவல் கூடியது என்று அது சொல்லும். நம் கதையில் அந்த இயந்திரம் தமிழை எங்கிருந்து கற்றிருக்கும்? ஈரோடு ஜங்ஷன் ஒலிபெருக்கியிலிருந்து என்று நான் முடிவு செய்தேன். பத்தாம் வளைவுக் காட்சியைப் பாருங்கள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பத்தாம் வளைவு திறக்கப்பட்டுவிட்டது. இதுவரை உங்கள் எடையில் முப்பது சதவீதம் கழிக்கப்பட்டுள்ளது. ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

பூக்கார அம்மாள் மின்னணுத் தராசில் கூடைகளை வைத்துப் பார்த்தார். கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"ஏன் கண்ணு, 20 கிலோ பூ ஏற்றினேன். 14 காட்டுகிறது. 6 கிலோ எங்கே போனது?"

"பூ எங்கேயும் போகவில்லை அம்மா. பூமி இழுப்பதுதான் குறைந்துவிட்டது."

"அப்படியானால் 6 கிலோவுக்கு உண்டான லக்கேஜ் காசைத் திருப்பிக் கொடு."

பின் சீட்டில் இருந்த பெரியவர் தன் பையிலிருந்து பழைய தட்டுத் தராசை எடுத்தார். ஒரு தட்டில் ஒரு கிலோ படிக்கல், மறு தட்டில் பூ. முள் நேராக நின்றது.

"கல்லுக்கும் சேர்த்துத்தானே குறைந்திருக்கிறது அம்மிணி. பூ அப்படியேதான் இருக்கிறது."

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பெரியவருக்குப் 'படிக்கல்' திறன் வழங்கப்படுகிறது. அம்மையாருக்குப் 'பேரம்' திறன், இரண்டாம் நிலை."

இந்தக் காட்சியில் யாரும் வேடிக்கை பேசவில்லை. அம்மாளுக்குக் காசு முக்கியம், கண்டக்டருக்கு ரசீது முக்கியம், பெரியவருக்கு நியாயம் முக்கியம். அறிவியலும் சரியாக இருக்கிறது: மின்னணுத் தராசு அழுத்தத்தை அளக்கிறது, தட்டுத் தராசு இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுகிறது. கொங்குப் பேச்சின் மரியாதையையும் விட்டுவிடாதீர்கள். உயிர் போகிற நேரத்திலும் எதிரே நிற்கும் ராட்சத இயந்திரத்தை "ஏனுங்க" என்று கூப்பிடுகிற மனிதர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அதை ஆசையோடு எழுதுங்கள், கேலியாக எழுதாதீர்கள்.

புள்ளிக் கணக்கு அட்டவணைகளைப் பக்கம் பக்கமாகப் போடவேண்டாம். ஒருவருக்கு மூன்று எண்கள் போதும்.

ஐந்தாம் படி: எதிரிகளுக்குக் குணம் கொடுங்கள்

1980இல் வந்த பேக்மேன் கேமில் நான்கு பேய்கள். சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் நீங்கள் போகப்போகிற இடத்துக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். ஆரஞ்சுப் பேய் நெருங்கி வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். ஆளுக்கொரு பழக்கம் என்பதால்தான் அந்தச் சின்னப் பேய்கள் இன்றும் நினைவில் நிற்கின்றன. உங்கள் எதிரிகளுக்கும் அப்படி ஒரு பழக்கம் போதும். நம் மலையில் லாரி வடிவத்தில் ஒன்று, எப்போதும் அடுத்த வளைவில் முன்கூட்டியே போய் ஹாரன் அடித்துக்கொண்டு காத்திருக்கும்.

1978இல் ஜப்பானில் உருவான ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்னொரு பாடம் தருகிறது. அதில் எதிரிகளைச் சுடச் சுட, மிச்சமிருப்பவை வேகமாக நகரும். முதலில் அது திட்டமிட்டுச் செய்தது இல்லை. திரையில் வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததால் அந்தக் காலத்துச் சிப்புக்கு வேலை குறைந்து வேகம் கூடியது. உருவாக்கியவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

இதை நாம் திருப்பிப் போடலாம். வேற்றுக்கிரக இயந்திரத்துக்கும் கணக்கிடும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் இடத்தில் ஆட்கள் அதிகமானால் அதன் எதிரிகள் திணறி மெதுவாகும். தனியாக மாட்டுகிற ஆளிடம் மின்னல்போலப் பாயும். ஆகவே, பஸ்ஸில் எவ்வளவு கூட்டமோ அவ்வளவு பாதுகாப்பு! "படியில் நிற்காதீர்கள், உள்ளே நகருங்கள்" என்று கண்டக்டர் கத்துவது இப்போது உயிர் காக்கும் கட்டளை. வழியில் யாரையும் இறக்கிவிட முடியாது, பிடிக்காதவரையும்கூட. கதாபாத்திரங்களை ஒன்றாகக் கட்டிவைக்க இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆறாம் படி: செத்தால் செத்ததுதானா?

முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். 1980இல் வந்த ரோக் கேமில் செத்தால் ஆட்டம் முதலிலிருந்து, அதுவும் புதிய அமைப்பில். கதைக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன். மறுஉயிர் உண்டென்றால் பயம் போய்விடும். பயம் போனால் சிரிப்பும் நீர்த்துவிடும்.

ஏழாம் படி: கடைசி லெவல்

கேமில் கடைசியில் 'பாஸ்' என்கிற பெரிய எதிரி வருவார். திம்பத்தைத் தாண்டி, ஆசனூருக்கு அப்பால் காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் கரும்பு லாரிகளுக்காக யானைகள் காத்து நிற்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். லாரியை நிறுத்தி, கரும்பை இழுத்துத் தின்றுவிட்டு வழிவிடும். கதைக்காக அந்த யானையைக் கொஞ்சம் இப்பால், 27ஆம் வளைவுக்கு அழைத்துவரலாம்.

யானையை வில்லனாக்காதீர்கள். அது அதன் காடு. 2013 முதல் புலிகள் காப்பகமும்கூட. நான் முதலில் எழுதியபோது பயணிகள் யானையை விரட்டுவதுபோல எழுதினேன். படித்துப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை, கிழித்துப்போட்டேன். இப்போது அந்த இடத்தில் யானைக்கு வேண்டியது கரும்பு, இயந்திரத்துக்கு வேண்டியது சண்டை. பூக்கார அம்மாளிடம் பேரம் திறன் ஒன்பதாம் நிலையில் இருக்கிறது. நான்கு டன் யானை, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான எடையோடு, பஸ்ஸின்மேல் தும்பிக்கையை மெல்ல வைக்கிறது. மற்றதை அம்மாள் பார்த்துக்கொள்வார்.

எட்டாம் படி: எழுத உட்காருங்கள்

வளைவுக்கு ஓர் அத்தியாயம், அத்தியாயத்துக்கு 1,500 சொல். 27 அத்தியாயத்தில் 40,500 சொல். வாரத்துக்கு ஒரு வளைவு என்றால் அரை ஆண்டில் உச்சி. முடிந்தால் ஒருமுறை பகலில் அந்த பஸ்ஸில் போய்வாருங்கள். எந்த வளைவில் காது அடைக்கிறது, எங்கே குளிர் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் அத்தியாயம் பண்ணாரி சோதனைச்சாவடியில் முடியட்டும். கண்டக்டர் டிக்கெட் புத்தகத்தைப் பார்க்கிறார்: 52. தலைகளை எண்ணுகிறார்: 53. மறுபடி எண்ணுகிறார், 53. அந்த ஒருவர் யார் என்று உங்களுக்குள் முடிவு செய்துகொண்டு முதல் வளைவைத் திருப்புங்கள்.