எச்.ஐ.வி. பரவலுக்குக் கணித மாதிரி போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிப் பட்டறைகளில் புதியவர்களின் திரையை எட்டிப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள் வரிசை மாறாமல் நிற்கின்றன. கூட்டல் பிழை, கோட் பிழையை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைக் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். அது வாய் திறக்காத தவறுகள் சில உண்டு.

சராசரி மனிதரை வைத்துக் கணக்குப் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றும் என்பதற்கான சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்: ஒரு துணைக்குத் தொற்றும் வாய்ப்பு, ஆண்டுக்குச் சேரும் புதிய துணைகள், தொற்றைக் கடத்தக்கூடிய காலம், மூன்றையும் பெருக்கு. நடுவில் உள்ள எண்ணுக்கு சர்வேயிலிருந்து சராசரியை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

100 பேர் உள்ள ஊர் ஒன்றை வைத்துக்கொள்வோம். 90 பேருக்கு ஆண்டுக்கு ஒரு புதிய துணை, மீதி 10 பேருக்கு 21. சராசரி 3. தொற்றும் வாய்ப்பு 0.02, காலம் 10 ஆண்டு என்றால் விடை 0.6. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் நோய் தானாக ஓய்ந்துவிடும். சுபம்!

ஆனால் துணைகள் அதிகம் உள்ளவருக்குத் தொற்று வந்து சேர்வதும் எளிது, அவரிடமிருந்து போவதும் எளிது. அதனால் அந்த எண் இரண்டு முறை வேலை செய்கிறது. தொற்றுநோய்க் கணித மாதிரி ஆய்வாளர்களான ராபர்ட் மேயும் ராய் ஆண்டர்சனும் 1987-லேயே எழுதிவிட்டார்கள்: விலக்க வர்க்கச் சராசரியை (ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து விலகும் அளவை வர்க்கமாக்கி எடுத்த சராசரி, variance) சராசரியால் வகுத்து, அதையும் சராசரியோடு கூட்ட வேண்டும். நம் ஊரில் அது 36-ஐ 3-ஆல் வகுத்தால் 12, கூட்டினால் 15. இப்போது விடை 0.6 இல்லை, 3. அந்த 15-இல் 14.7 அந்தப் பத்துப் பேரின் பங்கு.

ஒரு மாவட்டத்துக்கு மாதிரி போட்டிருந்த இளைஞர், ஆரம்ப வேகம் பொருந்தும்வரை தொற்றும் வாய்ப்பை ஏற்றிக்கொண்டே போயிருந்தார். கடைசியில் மூன்றில் இரண்டு பேருக்கு எச்.ஐ.வி. என்று வந்தது. “ஆரம்பம் அச்சாகப் பொருந்துது சார்” என்றார். பொருந்தும்தான். எல்லோரும் ஒரே ரகம், போனவர் இடத்துக்குப் புதியவர் வருகிறார் என்று வைத்தால், விடை 3 உள்ள எந்த மாதிரியும் 67 சதவீதத்தில்தான் போய் நிற்கும். நம் ஊரை இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். அதே 3-க்கு சுமார் 15 பேர்: பத்தில் ஏழு, தொண்ணூறில் எட்டு.

அதோடு முடிந்திருந்தால் சரி. அவர் பட்ஜெட்டும் போட்டிருந்தார்: ஆணுறையை எல்லா ஒன்றியங்களுக்கும் சமமாகப் பங்கிட வேண்டுமாம். யாரிடம் முதலில் போவது என்ற கேள்வியே எழாத மாதிரியில் வேறென்ன வரும்? தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் பாலியல் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள் போன்றோரை முன்னிறுத்தி 2003-இல் தொடங்கிய அவஹான் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம், இந்தக் கணக்குப்படி வீண் செலவு.

தொற்றுடன் வாழ்பவர்கள் கூடினால் தோல்வியா?

மருந்து இல்லாத காலத்தில் ஆண்டுக்கு 1,000 புதிய தொற்று, அதன்பின் 10 ஆண்டு ஆயுள் என்றால், தொற்றுடன் வாழ்பவர்கள் 10,000 பேரில் நிலைப்பார்கள். வைரஸை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. மருந்து வந்து புதிய தொற்று 600 ஆகிறது, ஆயுள் 40 ஆண்டாகிறது. இப்போது 24,000 பேர். கிராஃப் ஏறியதற்குக் காரணம் மருந்து வேலை செய்ததுதான். அதேபோல் கிராஃப் இறங்கினால் கைதட்டும் முன் இறப்புக் கணக்கைப் பாருங்கள். புதிய தொற்றைத் தனிக் கோடாக வரையாத அறிக்கையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

யாருடைய ரத்தம்?

இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் என்று சொல்லிவந்த எண்ணிக்கை, 2007-இல் சுமார் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. மீதிப் பேருக்கு நோய் குணமாகிவிடவில்லை. பழைய கணக்கு பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகள், பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்தவர்கள் ஆகியோரின் ரத்தத்தை நம்பியிருந்தது. 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்தான் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் கண்காணிப்பு மையங்களும் கூடின. மாதிரியைப் பொருத்தும் முன், கையில் உள்ள எண் யாரிடம் எடுத்தது என்று விசாரியுங்கள்.

95-95-95

ஐ.நா.வின் இலக்கு இது: தொற்றுள்ளவர்களில் 95 சதவீதம் பேர் பரிசோதனையில் அதை அறிந்திருக்க வேண்டும், அவர்களில் 95 சதவீதம் பேர் மருந்து எடுக்க வேண்டும், அவர்களில் 95 சதவீதம் பேருக்கு வைரஸ் கட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்றையும் பெருக்குங்கள்: தொற்றுள்ளவர்களில் வைரஸ் கட்டுக்குள் இருப்பவர்கள் 95 இல்லை, 86 சதவீதம்.

முதல் சில மாதங்கள்

தொற்றிய புதிதில் ரத்தத்தில் வைரஸ் எக்கச்சக்கம். ஒரே பீட்டாவை, அதாவது தொற்றும் வாய்ப்பை, பத்து ஆண்டுக்கும் இழுக்காதீர்கள்.