பிள்ளையின் விளையாட்டுப் படம்: காசு கொடுக்கும் முன் பெற்றோர் செய்யும் தவறுகள்

போன சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிற சாட்ஸ்வர்த்தில் ஒரு பள்ளி மைதானம். சின்னப் பையன்களின் கால்பந்து ஆட்டம் முடிந்து, எல்லாரும் ஆரஞ்சுச் சுளையைச் சப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணா, எப்படி இருக்கு? பெரிய கேன்வாஸ் சொல்லிட்டேன்."

கேன்வாஸ் என்றால் துணியில் அச்சடித்துச் சுவரில் மாட்டுகிற படம். திரையில் அவர் மகன். காலடியில் பந்து, பின்னால் நல்ல நீல வானம். முகம் கட்டைவிரல் நகம் அளவு. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பந்தின் தையலை ஒவ்வொன்றாக எண்ணலாம். பையனின் கண் மட்டும் மாவு கரைத்த தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது.

"பணம் கொடுத்தாச்சா?" என்றேன்.

"கொடுத்தாச்சே!"

அந்த "கொடுத்தாச்சே" எனக்குப் பழக்கமான குரல். பல வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் சொன்னேன். அந்தக் கோபத்தில்தான் கேமரா வாங்கினேன். இப்போது சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுப் படங்களை நானே எடுக்கிறேன். ஆக, ஏமாந்த பெற்றோர், படக்காரர் என்று இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்தவன்.

கண் மூடியிருப்பது, தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பம் முளைத்திருப்பது, சட்டைக் காலர் மடங்கியிருப்பது இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. அவை உங்கள் கண்ணுக்கே படும். படாத சிலவற்றைப் பற்றித்தான் இது.

கைப்பேசியில் பார்த்துக் கேன்வாஸ் சொல்வது

என் மகன் முதல் முறை வெள்ளைக் கிரிக்கெட் உடுப்புப் போட்ட வருடம். பள்ளிக்கு வெளியிலிருந்து ஒரு படக்காரர் வந்தார். ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் மாதிரிப் படம் வந்தது. இரவு பத்து மணி, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில் கிடந்தபடி, திரை வெளிச்சத்தை முழுசாக வைத்துப் பார்த்தேன். மட்டையைப் பிடித்துக்கொண்டு என்னையே முறைத்துப் பார்க்கிறான் பிள்ளை. பெருமை தாங்கவில்லை. 24க்கு 36 அங்குலக் கேன்வாஸ், 1800 ராண்ட், அப்போதே அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரத்தில் வந்தது. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினேன். எங்கள் பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். தள்ளி வந்து பார்த்தார். "யாருப்பா இந்தப் பையன்?" என்றார்.

கிண்டலுக்குச் சொன்னாரோ நிஜமாகவே தெரியவில்லையோ, இரண்டுக்கும் இடம் இருந்தது. படத்தில் மூன்று குறை. மூன்றையும் அந்தச் சின்னத் திரை என்னிடமிருந்து மறைத்திருந்தது.

முதலாவது ஃபோகஸ். பின்னணி மங்கி, ஆள் மட்டும் தெளிவாக நிற்கும் படம் எல்லாருக்கும் பிடிக்கும். அதற்காகப் படக்காரர்கள் லென்ஸின் வாயை அகலத் திறந்துவைத்து எடுப்பார்கள். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 என்ற அகலத் திறப்பில் வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஆறு சென்டிமீட்டர்தான். மட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் இடையில் ஒரு முழத்துக்குக் குறையாது. கேமரா மட்டைப் பிடியைப் பிடித்துக்கொண்டால் கண் போச்சு. கட்டைவிரல் அளவில் பார்க்கும்போது இந்த மங்கல் தெரியவே தெரியாது. மூன்றடி உயரக் கேன்வாஸில் அந்த மங்கலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. என் வீட்டுக் கேன்வாஸில் மட்டைப் பிடியின் ரப்பர் வரிகள் அபாரமாக இருந்தன.

இரண்டாவது இருட்டு. கேமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். உடம்பு முழுக்க வெள்ளை உடுப்பு இருந்தால், "அடேயப்பா, வெளிச்சம் அதிகம்" என்று அது குறைத்துவிடும். வெள்ளை கொஞ்சம் அழுக்காகும், அவ்வளவுதான். ஆனால் நம் பிள்ளைகளின் மாநிறமும் கறுப்பும் அந்தக் குறைத்த வெளிச்சத்தில் இன்னும் கீழே இறங்கி, மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். விவரம் தெரிந்த படக்காரர் முகத்தை அளந்து எடுப்பார், அல்லது ஒரு ஃபிளாஷையோ வெள்ளைப் பலகையையோ வைத்து முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பார். கைப்பேசித் திரைக்கோ உள்ளேயே விளக்கு எரிகிறது. இருண்ட முகத்தையும் அது ஒளிரவைத்துக் காட்டிவிடும். கேன்வாஸுக்கு அந்த விளக்கு கிடையாது. உங்கள் வீட்டுச் சுவரில் விழுகிற வெளிச்சம்தான் அதற்குக் கதி.

மூன்றாவது கோப்பு. வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் வரும் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளி (பிக்சல்). கையடக்கப் படத்துக்கு அது தாராளம். 36 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 44 புள்ளிதான் விழும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 என்பது கணக்கு. தள்ளி நின்று பார்க்கும் கேன்வாஸுக்கு 150 இருந்தால் சமாளிக்கலாம். 44 எதிலும் சேர்த்தி இல்லை. சிலர் அந்த மாதிரிப் படத்தையே கடையில் கொடுத்துப் பெரிதாக்கச் சொல்கிறார்கள். என் கதையில் படக்காரரே அசல் கோப்பைச் சுருக்கி வைத்திருந்தார்.

நான் புகார் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. "சரி செய்து தருகிறேன், பாதி விலை கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். அவர் செய்த 'சரி' என்ன தெரியுமா? மறுபடி எடுக்கவில்லை. அதே படத்தில் முகத்தை மட்டும் வெளுத்து அனுப்பினார். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். தைப்பூசத்துக்குத் திருநீறு பூசிவிட்டுக் கழுவ மறந்தவன் மாதிரி நிற்கிறான் பிள்ளை. வெளிச்சம் போதாமல் எடுத்தது அவர் பிழை. அதைப் பிள்ளையின் தோலில் போய்த் திருத்தியிருக்கிறார். 2700 ராண்ட் போனது கூட எனக்கு ஆறிவிட்டது. இது ஆறவில்லை. இன்றைக்கும் சில அம்மாக்கள் என்னிடம் "கொஞ்சம் கலரா ஆக்கிக் கொடுங்கண்ணா" என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது.

சரி, பார்ப்பது எப்படி? மாதிரிப் படத்தை ஆன்லைன் ஆல்பமாகவோ, வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாகவோ அனுப்பச் சொல்லுங்கள். டாக்குமென்டாக வந்தால் சுருங்காது. கணினியில் திறந்து நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். கேமராவுக்குக் கிட்டே இருக்கிற கண்ணைப் பாருங்கள். இமை முடி தனித்தனியாகத் தெரிந்தால் நல்லது. புருவம் ஒரு பட்டையாகத் தெரிந்தால் வேறு படம் கேளுங்கள். அப்புறம் திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு தரம் பாருங்கள். அப்போதும் கன்னத்தின் வளைவு தெரிய வேண்டும்.

பெரிய கேன்வாஸ் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. கேன்வாஸில் முகம் எந்த அளவில் வருமோ, அதே அளவில் முகப் பகுதியை மட்டும் வெட்டி ஒரு ஜம்போ பிரிண்ட் (நாலுக்கு ஆறு அங்குலப் படம்) போடச் சொல்லுங்கள். சில ராண்ட்தான். அதை வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு இரண்டு நாள் போகவரப் பாருங்கள். இதற்கு முகம் சுளிக்கிற படக்காரரிடம் கேன்வாஸ் சொல்லாதீர்கள்.

அந்தக் கால்பந்துப் பையனின் அம்மாவுக்கு அதிர்ஷ்டம். கேன்வாஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதே போஸில் அடுத்தடுத்து ஆறு படம் எடுத்திருந்தார்கள். நான்காவதில் கண் தெளிவாக இருந்தது. கேட்டதும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

தொப்பியும் உச்சி வெயிலும்

டர்பனில் டிசம்பர், ஜனவரி நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். கிரிக்கெட்டும் அப்போதுதான். தொப்பி விளிம்பின் நிழல் மூக்கு நுனிவரை விழும். கண் இரண்டும் குழி. ஜூனில் நண்பகலில் கூட சூரியன் வடக்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால்தான் குளிர்காலக் கால்பந்து, நெட்பால் படங்கள் சும்மாவே நன்றாக வருகின்றன. படக்காரரின் திறமையைக் கோடைப் படத்தை வைத்து எடைபோடுங்கள்.

சோதனை எளிது. கருவிழியில் சின்னதாக ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கிறதா? இருந்தால் முகத்துக்கு வெளிச்சம் போயிருக்கிறது. இல்லையென்றால் கண் செத்த கண்ணாக இருக்கும்.  

மின்னல், புகை, பெரிய ஸ்டேடியம்

பிள்ளையைச் சாம்பல் திரை முன்னால் நிறுத்தி எடுத்து, பின்னால் மின்னல் வெட்டும் ஸ்டேடியத்தை ஒட்டித் தருவது இப்போது வழக்கம். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், அதைக் கெடுக்க மாட்டேன். ஆனால் பெற்றோர் பின்னணியைப் பார்த்து மயங்கிப் பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பின்னணி அறுபது பிள்ளைக்கும் ஒன்றுதான். உள்ளங்கையால் அதை மறைத்துவிட்டு பிள்ளையை மட்டும் பாருங்கள். தனியாக நிற்கிறதா அந்தப் படம்? அப்புறம் முடி ஓரத்தைப் பாருங்கள். சுருட்டை முடியும் அவிழ்ந்த பின்னலும் கத்தரிக்கோலால் நறுக்கியது போலிருந்தால் அவசர வேலை. ஷூவுக்கு அடியில் நிழல் இல்லையென்றால் பிள்ளை அந்தரத்தில் மிதக்கும். ஸ்டேடியத்து விளக்கு வலப் பக்கம் எரிய, முகத்தில் வெளிச்சம் இடப் பக்கம் விழுந்தால் ஏதோ சரியில்லை என்று மனசுக்குப் படும், ஏன் என்றுதான் தெரியாது.

விளையாட்டுத் தெரியாத போஸ்

கல்யாணம், காவடி, பிறந்தநாள் எல்லாம் எடுப்பவரே இதற்கும் வருவார். தப்பில்லை. ஆனால் இடக்கை ஆட்டக்காரனை வலக்கைப் பக்கம் நிற்கவைத்துவிடுவார். நெட்பாலில் கோல் ஷூட்டராக ஆடும் பெண்ணுக்குக் கோல் கீப்பர் பட்டையை மாட்டிவிடுவார். பந்துவீசுபவனிடம் மட்டையைக் கொடுப்பார். பெற்றோருக்குப் படம் அழகாக இருக்கும், பிள்ளை மட்டும் யாருக்கும் காட்டாது. வாங்கும் முன் பிள்ளையிடம் காட்டுங்கள், இல்லையென்றால் பயிற்சியாளரிடம்.

8க்கு 10

பெரும்பாலான நல்ல கேமராக்கள் எடுப்பது 2க்கு 3 விகிதம். 8 அங்குல அகலத்துக்கு 12 அங்குல உயரம் வேண்டும். 8க்கு 10 சட்டத்தில் போட்டால் இரண்டு அங்குலம் போகும், போவது ஷூவோ மட்டை நுனியோ. எங்கே வெட்டுவார்கள் என்று கேளுங்கள்.

சிரிப்பு

சிரிக்காத பிள்ளையின் படமும் நல்ல படம்தான்.

பேக்கேஜ்

பதினாறு சின்னப் படம் யாருக்கு?

அனுமதி

தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா என்று சொல்வோமே, 2021 ஜூலையிலிருந்து கட்டாயம். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். படக்காரர் தன் விளம்பரத்துக்கு உங்கள் பிள்ளையின் படத்தைப் போடலாமா என்ற கட்டம் ஆர்டர் படிவத்தில் எங்கேயோ பொடி எழுத்தில் இருக்கும். டிக் போடும் முன் படியுங்கள்.

தழும்பு

பருவை எடுக்கச் சொல்லலாம், இரண்டு வாரத்தில் அதுவே போகிறதுதானே. மச்சம், தழும்பு, பல் இடைவெளி இவற்றைத் தொடச் சொல்லாதீர்கள். சொல்லாவிட்டாலும் சிலர் தாமாகவே தொடுவார்கள், அதனால் தேடிப் பாருங்கள். என் மகனுக்குத் தாடையில் பந்து பட்டுக் கிழிந்த தழும்பு உண்டு. வெளுத்து வந்த அந்த இரண்டாவது கேன்வாஸை நான் கழுத்து நிறத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவன் பக்கத்தில் வந்து நின்று தாடையைத் தடவிக்கொண்டே கேட்டான்:

"அப்பா, என் நாலு தையல் எங்கே?"