வெரி பெட்டர் வேண்டாம்: ஆங்கில ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘குட், பெட்டர், பெஸ்ட்’ என்று என்னிடம் பயிற்சிக்கு வருகிற எல்லோரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். எவ்வளவு ‘பெட்டர்’ என்று சொல்லப் போகும்போதுதான் இடறுகிறார்கள். ‘ஃபாஸ்ட்’ என்பதை ‘ஃபாஸ்டர்’ ஆக்க மறப்பது, ‘தேன்’ (than) விட்டுப்போவது போன்றவற்றை எந்தப் புத்தகமும் திருத்திவிடும். அவற்றை இங்கே தொடப்போவதில்லை.

வெரி பெட்டர், வெரி ஃபாஸ்டர், வெரி சீப்பர்

மூன்றும் பிழை. திருத்தித் திருத்திக் கை ஓய்ந்தும் இந்தப் பிழையைப் பார்க்கும்போது வருகிற எரிச்சல் மட்டும் ஓயவில்லை. நன்றாகப் படித்தவர்களும் இதை விடாமல் செய்கிறார்கள்.

காரணம் நம் பழக்கம். ‘மிகவும் மலிவு’ என்கிறோம். ‘அதைவிட மிகவும் மலிவு’ என்றும் சொல்கிறோம். தமிழில் ஒரே ‘மிகவும்’ இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் ‘வெரி’ பண்பின் மிகுதியை மட்டுமே சொல்லும். ஒப்பிடும்போது சொல்ல வேண்டியது இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம். அது பெரிதென்றால் ‘மச்’, ‘ஃபார்’ (far), ‘எ லாட்’. சிறிதென்றால் ‘எ லிட்டில்’, ‘எ பிட்’, ‘ஸ்லைட்லி’. ஏற்கெனவே மிகுதியாக இருப்பது மேலும் கூடினால் ‘ஈவன்’.

சந்தேகம் வந்தால் ஓர் அளவை வைத்துப் பாருங்கள். ‘டென் ருபீஸ் சீப்பர்’ என்று சொல்லலாம். ஆகவே அங்கே வித்தியாசத்தைச் சொல்லும் சொல் வேண்டும்: ‘மச் சீப்பர்’. ‘டென் ருபீஸ் சீப்’ என்று யாரும் சொல்வதில்லை. அந்த இடம் ‘வெரி’க்கு உரியது: ‘வெரி சீப்’.

என் மாணவி ஒருவர் பொறியியல் பட்டதாரி, தொழிலில் கெட்டிக்காரர். நேர்முகத் தேர்வில் தான் உருவாக்கிய செயலியைப் பற்றி, ‘இட் இஸ் வெரி ஃபாஸ்டர் தேன் தி ஓல்ட் ஒன்’ என்று சொல்லியிருக்கிறார். அடுத்த கேள்வி செயலியைப் பற்றி வரவில்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். எத்தனை வினாடி மிச்சமானது என்ற கணக்கு அவர் கையிலேயே இருந்தது. ‘த்ரீ செகண்ட்ஸ் ஃபாஸ்டர்’ என்று சொல்லியிருந்தால் பிழைக்கே இடமிருந்திருக்காது. கேட்டவர்களுக்கும் உருப்படியான தகவல் கிடைத்திருக்கும். எண் தெரிந்த இடத்தில் எண்ணையே சொல்லுங்கள்.

‘வெரி மச் பெட்டர்’ சரியே. ‘தி வெரி பெஸ்ட்’ என்பதும் சரியே. இந்த இரண்டையும் எங்கோ கேட்டுவிட்டுத்தான் பலர் ‘வெரி பெட்டர்’ என்பதற்கு வாதாடுகிறார்கள்.

மோர் பெட்டர்

ஒப்பீட்டின் மேல் ஒப்பீடு. ஷேக்ஸ்பியர் காலத்து எழுத்தில் புழங்கியது. 1762இல் ராபர்ட் லோத் தம் இலக்கண நூலில் இதைத் தவறு என்று ஒதுக்கினார். நீங்களும் ஒதுக்குங்கள்.

மச் மோர் புக்ஸ்

எண்ணக்கூடியவற்றுக்கு ‘மெனி மோர்’. தண்ணீர், பணம், நேரம் ஆகியவற்றுக்கு ‘மச் மோர்’.

மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டிரைவர்ஸ்

இதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் காரியம் கெடும். ‘வி நீட் மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டிரைவர்ஸ்’ என்று எழுதினால், அனுபவமுள்ள ஓட்டுநர்கள் இன்னும் சிலர் வேண்டுமா, இருப்பவர்களைவிட அனுபவம் கூடியவர்கள் வேண்டுமா? பேசும்போது குரலின் அழுத்தம் காட்டிக்கொடுக்கும். தாளில் அதற்கு வழியில்லை. முதல் பொருள் என்றால் ‘மோர்’ இருக்கும் இடத்தில் ‘அடிஷனல்’ போடுங்கள், அல்லது எத்தனை பேர் என்று எழுதுங்கள். இரண்டாவது என்றால் ‘டிரைவர்ஸ் ஹூ ஆர் மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். ஆள் எடுக்கும் விளம்பரத்தையும் கொள்முதல் கடிதத்தையும் அனுப்புவதற்கு முன் ‘மோர்’ வருகிற ஒவ்வொரு இடத்தையும் இப்படிச் சோதிப்பது நல்லது.

கம்பேரட்டிவ்லி பெட்டர் தேன்

ஒப்பிடுகிற வேலைக்கு ‘தேன்’ இருக்கிறதே. ‘கம்பேரட்டிவ்லி’யை அடித்துவிடுங்கள்.